வீட்டுக்கடன் பத்திரங்களில் கையெழுத்து வாங்கும் நோட்டரி வேலை: கலிபோர்னியாவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

அமெரிக்காவில் வீட்டுக்கடன் வாங்குகிறவர் வங்கிக்கு நேரில் போய்த்தான் கையெழுத்திட வேண்டும் என்பதில்லை. கடன் கொடுக்கும் நிறுவனம் ஒரு மாநிலத்தில் இருக்கும், பத்திரங்களைக் கையாளும் டைட்டில் கம்பெனி இன்னொரு மாநிலத்தில் இருக்கும், கடன் வாங்குகிறவரோ வேலை முடிந்து மாலை ஆறரை மணிக்குத்தான் வீடு திரும்புவார். இவர்களுக்கு நடுவே, நூற்றைம்பது பக்கப் பத்திரக் கட்டை அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே போய், அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்தும் கைரேகையும் வாங்கி, முத்திரை குத்தி, அன்றிரவோ மறுநாள் காலையோ கூரியரில் சேர்க்கிறவரைத்தான் நோட்டரி சைனிங் ஏஜென்ட் என்கிறார்கள்.

இதை முழுநேரத் தொழிலாக நடத்துகிறவர்கள் உண்டு. எனினும் மாலை வேளைகளிலும் சனிக்கிழமைகளிலும் வரும் சில வேலைகளைக் குடும்ப வருமானத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ள நினைப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நான் இந்த வேலையைக் கலிபோர்னியாவில் பார்ப்பதால் அந்த மாநிலத்து விதிகளையே விரிவாகச் சொல்கிறேன். நோட்டரி நியமனம் முழுக்க முழுக்க மாநில அரசின் பொறுப்பு என்பதால், பிற மாநிலத்தில் வசிப்பவர்கள் தத்தம் மாநிலச் செயலாளர் அலுவலகத்தின் விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில், இது உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேலைதானா?

நோட்டரி என்றதும் நம்மவர்களுக்கு நீதிமன்ற வளாகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கறுப்புக் கோட்டு வக்கீல்தான் நினைவுக்கு வருவார். அது இந்திய வழக்கம். 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின்படி அங்கே பொதுவாகப் பத்தாண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்தவரே நோட்டரியாக முடியும். பெண்களுக்கும் பட்டியல், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் ஏழாண்டு. அமெரிக்காவில் நோட்டரி என்பவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. கையெழுத்திடுபவர் இன்னார்தான் என்பதையும், அவர் தாமாக விரும்பிக் கையெழுத்திடுகிறார் என்பதையும் நேரில் பார்த்துச் சான்றளிப்பதே அவர் வேலை. சட்டப் படிப்பு தேவையில்லை. ஆகவே சட்ட ஆலோசனை சொல்லும் உரிமையும் கிடையாது. இந்த இரண்டாவது பாதியை மறந்தவர்கள்தான் பின்னால் சிக்கலில் மாட்டிக்கொள்கிறார்கள்.

குடியுரிமை கட்டாயமில்லை. நோட்டரி ஆவதற்குக் குடியுரிமை வேண்டும் என்ற டெக்சாஸ் மாநில விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் வேலை செய்யும் அனுமதி என்பது வேறு விஷயம். சைனிங் ஏஜென்ட் எந்த நிறுவனத்துக்கும் ஊழியர் அல்லர், சுயதொழில் செய்பவர். எச்-1பி விசாவில் இருப்பவர், விசாவுக்கு மனுச் செய்த நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் சம்பாதிக்கக் கூடாது என்பதால், வாரத்துக்கு ஒரே ஒரு கையெழுத்து வேலை என்றாலும் அது விதிமீறல்தான். பச்சை அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தடையில்லை. எச்-1பி விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருந்துகொண்டு வேலை அனுமதி அட்டை பெற்றவர்கள் சுயதொழிலும் செய்யலாம். 2015 மே மாதத்திலிருந்து நடைமுறைக்கு வந்த இந்த அனுமதியால், வீட்டிலிருந்த எத்தனையோ பேருக்கு இதுபோன்ற வேலைகளின் கதவு திறந்தது. கணவர் எச்-1பி, மனைவி எச்-4 என்றால் நியமனம், வங்கிக் கணக்கு, விலைப்பட்டியல் எல்லாம் மனைவி பெயரில் இருக்க வேண்டும் என்பதோடு, வேலையையும் அவரேதான் செய்ய வேண்டும். "நான் போக முடியவில்லை, அவர் போய்க் கையெழுத்து வாங்கி வரட்டும்" என்பது விசா விதிக்கு மட்டுமல்ல, நோட்டரிச் சட்டத்துக்கும் எதிரானது.

இன்னொன்றையும் பணம் செலவழிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஜார்ஜியா, தென் கரோலினா, மாசசூசெட்ஸ், டெலவேர் போன்ற மாநிலங்களில் வீட்டுக்கடன் முடிக்கும் நிகழ்வை வழக்கறிஞரே நடத்த வேண்டும் அல்லது மேற்பார்வையிட வேண்டும். கனெக்டிகட்டிலும் 2019 அக்டோபரிலிருந்து அப்படித்தான். அங்கெல்லாம் நோட்டரி ஆவது எளிதாக இருக்கலாம். ஆனால் சைனிங் ஏஜென்ட்டுக்கு வேலை குறைவு. பயிற்சி விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

நோட்டரி நியமனம் பெறுவது

கலிபோர்னியாவில் பதினெட்டு வயது நிறைந்த, சட்டப்படி அங்கே வசிக்கிற எவரும் விண்ணப்பிக்கலாம். மாநிலச் செயலாளர் அலுவலகம் ஏற்றுக்கொண்ட நிறுவனம் ஒன்றில் ஆறு மணி நேரப் பாடத்தை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும், இணையவழியிலேயே படிக்கலாம். பிறகு தேர்வு. விண்ணப்பத்துக்கும் தேர்வுக்குமாகச் சேர்த்து 40 டாலர். எழுபது மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. அலுவலகம் இலவசமாகத் தரும் நோட்டரி கையேட்டை இரண்டு முறை ஊன்றிப் படித்தவர் தோற்பது கடினம். கேள்விகளில் பெரும்பாலானவை எண்களைச் சுற்றியே வரும்: எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும், எதற்கு எவ்வளவு கட்டணம், எந்தத் தவற்றுக்கு எவ்வளவு அபராதம்.

தேர்ச்சி பெற்றபின் லைவ் ஸ்கேன் நிலையத்தில் கைரேகை கொடுக்க வேண்டும். மாநில நீதித்துறையும் எஃப்.பி.ஐ.யும் பின்னணியைச் சரிபார்க்கும். விண்ணப்பத்தில் பழைய குற்றத் தண்டனைகளைக் கேட்கும் இடத்தில் எதையும் மறைக்காதீர்கள். குற்றத்தைவிட மறைத்ததே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

நியமனக் கடிதம் கைக்கு வந்ததும் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உண்மையில் கடிகாரம் அப்போதுதான் ஓடத் தொடங்குகிறது. நியமனம் தொடங்கும் தேதியிலிருந்து 30 நாட்காட்டி நாள்களுக்குள், 15,000 டாலருக்கான பிணைப்பத்திரத்தை வாங்கி, உங்கள் தொழில் முகவரி இருக்கும் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) கிளார்க் அலுவலகத்தில் பதவிப் பிரமாணம் எடுத்து, இரண்டையும் தாக்கல் செய்தாக வேண்டும். இந்தக் கெடு எக்காரணத்துக்காகவும் நீட்டிக்கப்படாது. சில கவுண்டிகளில் இதற்கு முன்பதிவு தேவைப்படும் என்பதால் கடிதம் வந்த அன்றே நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நியமனம் நான்கு ஆண்டுகளுக்குச் செல்லும்.

15,000 டாலர் என்றதும் பயப்பட வேண்டாம். நான்கு ஆண்டுகளுக்கு நீங்கள் கட்டும் பிரீமியம் பல இடங்களில் ஏறத்தாழ 40 டாலர்தான். ஆனால் அது உங்களைக் காக்கும் காப்பீடு அன்று. உங்கள் தவற்றால் பாதிக்கப்பட்டவருக்குப் பிணை நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதை உங்களிடமிருந்தே திரும்பக் கேட்கும். உங்களைக் காப்பது, தவறுகளுக்கும் விடுபடல்களுக்குமான எரர்ஸ் அண்ட் ஒமிஷன்ஸ் காப்பீடு. சட்டப்படி அது கட்டாயமில்லை என்றாலும், வேலை தரும் நிறுவனங்கள் குறைந்தது 25,000 டாலருக்காவது கேட்கும். 100,000 கேட்பவர்களும் உண்டு.

முத்திரையும் ஜர்னலும் அடுத்தது. முத்திரை செய்யும் கடைக்காரருக்குக் கொடுக்க மாநிலமே ஓர் அனுமதிச் சான்றிதழ் அனுப்பும். அது இல்லாமல் அவர் செய்து தர மாட்டார். ஜர்னல் என்பது நீங்கள் செய்யும் ஒவ்வொரு நோட்டரிச் செயலையும் தேதி, நேரம், பத்திர வகை, அடையாள அட்டை விவரம், கையெழுத்து, கட்டணம் என்று வரிசையாகப் பதியும் புத்தகம். சொத்தைப் பாதிக்கும் பத்திரங்களுக்கும் பவர் ஆஃப் அட்டர்னிக்கும் அதில் வலது கட்டைவிரல் ரேகையும் வாங்க வேண்டும். முத்திரையும் ஜர்னலும் உங்கள் தனிப்பொறுப்பில் பூட்டி வைக்கப்பட வேண்டியவை. வீட்டில் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்துத் தாளில் குத்திப் பார்க்கும் இடத்தில் முத்திரை கிடக்கக் கூடாது.

மற்ற மாநிலங்களைப் பற்றி ஒரு சொல். புளோரிடாவில் மூன்று மணி நேரப் பாடமும் 7,500 டாலர் பிணையும், டெக்சாஸில் 10,000 டாலர் பிணையும் கேட்கிறார்கள். நியூயார்க்கில் பிணை இல்லை, தேர்வு உண்டு. சட்டம் அனுமதிக்கும் கட்டணத்திலும் ஏணி வைத்தாலும் எட்டாத வேறுபாடு இருக்கிறது: கலிபோர்னியாவில் ஒரு கையெழுத்துக்கு 15 டாலர், நியூயார்க்கில் 2 டாலர்.

நோட்டரியிலிருந்து சைனிங் ஏஜென்ட்

சைனிங் ஏஜென்ட் என்பதற்குத் தனியாக அரசு உரிமம் கலிபோர்னியாவில் இல்லை. ஆனால் 2012-இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, கடன் நிறுவனங்கள் தங்களுக்காக வேலை செய்யும் வெளியாருக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதன் பிறகு, முன்பின் தெரியாத ஒருவர் கையில் வாடிக்கையாளரின் சமூகப் பாதுகாப்பு எண் உள்ள பத்திரக் கட்டைக் கொடுக்க நிறுவனங்கள் தயங்கத் தொடங்கின. ஆகவே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பின்னணிச் சோதனையும், ஒரு பயிற்சிச் சான்றிதழும் நடைமுறையில் கட்டாயமாகிவிட்டன. 1957-இல் தொடங்கப்பட்ட நேஷனல் நோட்டரி அசோசியேஷன் நடத்தும் தேர்வும் சோதனையும் பரவலாக ஏற்கப்படுகின்றன. ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு "மாதம் பத்தாயிரம் டாலர்" என்று ஆசை காட்டும் வகுப்புகளுக்குப் போக வேண்டிய தேவை எனக்கு எப்போதும் தோன்றியதில்லை.

கருவிகளில் அச்சு எந்திரம்தான் முதலீடு. இரண்டு தட்டு உள்ள லேசர் அச்சு எந்திரமாகப் பாருங்கள். பத்திரக் கட்டில் சில பக்கங்கள் லெட்டர் அளவிலும், சில பக்கங்கள் பதினான்கு அங்குல லீகல் அளவிலும் வரும். ஒரே தட்டு இருந்தால் லீகல் பக்கத்தைச் சுருக்கி லெட்டர் தாளில் அடித்துவிட மனம் தூண்டும்; நிறுவனம் அதை ஏற்காது. ஒவ்வொரு கட்டையும் இரண்டு படி அடிக்க வேண்டும், ஒன்று கையெழுத்துக்கு, மற்றது வாடிக்கையாளருக்கு. இதற்கு மேல் ஒரு ஸ்கேனர், நீல மையும் கறுப்பு மையும் கொண்ட பேனாக்கள், கைரேகை மைப்பட்டை போதும். மையின் நிறத்தைப் பற்றி ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் என்பதால், கூட வரும் குறிப்புத் தாளைப் படிக்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

பத்திரக் கட்டில் என்ன இருக்கும்

கட்டின் பருமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். உயிர்நாடியான பத்திரங்கள் நான்கைந்துதான். அவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளோசிங் டிஸ்க்ளோஷர் ஐந்து பக்கம். கடன் தொகை, வட்டி, மாதத் தவணை, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, கையிலிருந்து எவ்வளவு கொண்டுவர வேண்டும் என்பவை முதல் பக்கத்திலேயே இருக்கும். ஆண்டு வட்டி வீதம் எனப்படும் ஏ.பி.ஆர். கடைசிப் பக்கத்தில் இருக்கும்; கடன் அதிகாரியின் தொலைபேசி எண்ணும் அங்கேதான். 2015 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, இது கையெழுத்துக்கு மூன்று வேலைநாள்கள் முன்பே வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்க வேண்டும். ப்ராமிசரி நோட் என்பது "கடனைத் திருப்பித் தருவேன்" என்ற உறுதிமொழி. இதில் வாடிக்கையாளர் கையெழுத்து மட்டும் போதும், முத்திரை குத்தக் கூடாது. புதியவர்கள் ஆர்வக் கோளாறில் முதல் முத்திரையை இதில்தான் குத்துகிறார்கள். டீட் ஆஃப் டிரஸ்ட் என்பது வீட்டை ஈடாக வைக்கும் பத்திரம். பிற மாநிலங்கள் பலவற்றில் இதன் இடத்தில் மார்ட்கேஜ் வரும். இதுவே கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் பதிவாகப் போவது என்பதால் உங்கள் முத்திரையும் சான்றும் மிகத் துல்லியமாக இருக்க வேண்டிய இடம் இது.

சான்றில் இரண்டு வகை முக்கியம். அக்னாலெட்ஜ்மென்ட் என்றால், கையெழுத்து தம்முடையதுதான் என்று அவர் உங்கள் முன் ஒப்புக்கொள்வது. ஜுராட் என்றால், எழுதியிருப்பது உண்மை என்று உங்கள் முன் சத்தியம் செய்து, உங்கள் கண்ணெதிரே கையெழுத்திடுவது. டீட் ஆஃப் டிரஸ்ட்டுக்கு முதலாவது, பிரமாணப் பத்திரங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது. கலிபோர்னியாவில் 2015 முதல் இவ்விரண்டு சான்றுகளின் தலைப்பிலும், நோட்டரி ஆளின் அடையாளத்தை மட்டுமே சரிபார்க்கிறார், பத்திரத்தின் உண்மையை அன்று என்ற பொருளில் கட்டம் கட்டிய அறிவிப்பு இருந்தாக வேண்டும். வெளிமாநில நிறுவனம் அச்சடித்து அனுப்பும் சான்றில் அந்தக் கட்டம் இல்லாவிட்டால், கலிபோர்னியா வாசகம் கொண்ட தனித்தாளை நீங்கள் இணைக்க வேண்டியிருக்கும். சான்றில் எழுத வேண்டிய கவுண்டி, வீடு இருக்கும் கவுண்டி அன்று, கையெழுத்து நடக்கும் கவுண்டி. முத்திரை எந்த எழுத்தின் மேலும் விழக் கூடாது. மங்கலாகவோ பாதியாகவோ விழுந்தால் ரெக்கார்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இனி, ரத்து செய்யும் உரிமைக்கான அறிவிப்பு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் மேல் ஏற்கெனவே உள்ள கடனை வேறு நிறுவனத்துக்கு மாற்றும் ரீஃபைனான்ஸில், கையெழுத்திட்ட பிறகும் மூன்று வேலைநாள்களுக்குள் மனம் மாறலாம் என்று கூட்டரசுச் சட்டம் அனுமதிக்கிறது. புதிதாக வீடு வாங்கும் கடனுக்கும், வாடகைக்கு விடும் வீட்டுக் கடனுக்கும் இது இல்லை. நாள் எண்ணுவதில்தான் சூட்சுமம்: இந்தக் கணக்கில் சனிக்கிழமை வேலைநாள், ஞாயிறும் கூட்டரசு விடுமுறைகளும் அல்ல. வியாழக்கிழமை கையெழுத்திட்டால் வெள்ளி, சனி, திங்கள் என்று மூன்று நாள். திங்கள் நள்ளிரவோடு உரிமை முடிகிறது, செவ்வாய் பணம் போகும். வெள்ளிக்கிழமை என்றால் சனி, திங்கள், செவ்வாய். வியாழனுக்குத் தயாரித்த கட்டு ஒரு நாள் தள்ளிப்போய் வெள்ளிக்கிழமை கையெழுத்தானால், அச்சிட்ட தேதி தவறாகிவிடும். அப்போது நீங்களாக அடித்து எழுதாமல், நிறுவனத்தை அழைத்து அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

கையெழுத்து நாள்

வேலையை ஏற்றுக்கொண்டவுடன் வாடிக்கையாளரை அழைத்து மூன்று விஷயங்களை உறுதிசெய்யுங்கள்: அடையாள அட்டை செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறதா, அதில் உள்ள பெயரும் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றா, கையெழுத்திட வேண்டிய எல்லாரும் வீட்டில் இருப்பார்களா. கடன் கணவர் பெயரில் மட்டும் இருந்தாலும், கலிபோர்னியாவின் தம்பதிச் சொத்துச் சட்டத்தால் மனைவியும் சில பத்திரங்களில் கையெழுத்திட வேண்டி வருவது சாதாரணம். அவர் அன்று ஊரில் இல்லை என்பது நீங்கள் நாற்பது மைல் ஓட்டிப்போன பிறகு தெரியக் கூடாது. பணத்தை எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லாதீர்கள். வயர் எனப்படும் வங்கிவழிப் பணப் பரிமாற்றத்தில் மோசடிகள் பெருகிய இக்காலத்தில் அந்த எண்ணை வாடிக்கையாளர், பணத்தையும் பத்திரங்களையும் நடுவில் வைத்திருந்து கைமாற்றிவிடும் எஸ்க்ரோ அலுவலகத்தையே நேரடியாக அழைத்துப் பெறுவதுதான் முறை.

பெயர் விஷயத்தில் தமிழ்க் குடும்பங்களிடம் கூடுதல் கவனம் தேவைப்படும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. தகப்பனார் பெயர் ஓரிடத்தில் முன்னால் எழுத்தாக நிற்கும், இன்னோர் இடத்தில் பின்னால் முழுப் பெயராக நிற்கும். கடவுச்சீட்டில் முழுப் பெயரும் ஒரே பகுதியில் இருந்ததால், விசாவில் முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ. என்ற மூன்றெழுத்தே பெயராகிப்போய், அது ஓட்டுநர் உரிமம் வரை தொற்றிக்கொண்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். பத்திரத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே கையெழுத்திட வேண்டும் என்பதை முன்பே சொல்லி, வேறு பெயர்களை ஒப்புக்கொள்ளும் பிரமாணப் பத்திரத்தில் மற்ற வடிவங்களை எழுத வைக்கலாம். ஆனால் அந்தப் பத்திரம் அடையாள அட்டைக்கு மாற்றன்று. அட்டையிலுள்ள பெயர் பத்திரத்துப் பெயரை நியாயமாக நிறுவவில்லை என்றால், முத்திரையை எடுக்காமல் நிறுவனத்தை அழைக்க வேண்டியதுதான்.

மேசையில் உட்கார்ந்தபின், ஒவ்வொரு பத்திரத்தையும் ஒரு வரியில் அறிமுகப்படுத்திவிட்டுக் கையெழுத்து இடத்தைக் காட்டுங்கள். "இது உங்கள் கடன் தொகையையும் தவணையையும் காட்டும் தாள்" என்று சொல்லலாம். "இது நல்ல வட்டிதான்" என்று சொல்லக் கூடாது. ஒரு முறை மகனோடு சேர்ந்து வீட்டுப் பத்திரத்தில் பெயர் இருந்த பெரியவர் ஒருவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மாடி, நம்ம ஊர்ப் பொண்ணா இருக்கே. நீயே சொல்லு, இதுல போடலாமா?" என்றார். அந்தக் கேள்விக்கு முன்னால் சட்டம், விதி என்று பேசுவது கல்நெஞ்சம்போலத்தான் இருக்கும். "ஐயா, நான் சொல்லக் கூடாது; கடன் அதிகாரி எண் இதோ இந்தக் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, இப்போதே கூப்பிடுங்கள், நான் காத்திருக்கிறேன்" என்றேன். அவர் பதினைந்து நிமிடம் பேசினார், பிறகு கையெழுத்திட்டார். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு எனக்குக் கூலி இல்லை. ஆனால் "போடுங்கள் ஐயா" என்று நான் சொல்லியிருந்தால் அது உரிமமில்லாமல் வக்கீல் வேலை பார்த்ததாகும்.

எழுந்திருக்கும் முன் கட்டை மறுபடி முதலிலிருந்து புரட்ட வேண்டும். இதை நான் கற்றது காசு கொடுத்து. தொடங்கிய முதல் மாதத்தில், டீட் ஆஃப் டிரஸ்ட்டுடன் இணைந்த ரைடர் பக்கத்தில் மனைவியின் கையெழுத்து விடுபட்டதைப் பார்க்காமல் கூரியரில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு எஸ்க்ரோ அலுவலகத்திலிருந்து அழைப்பு. போக 38 மைல், வர 38 மைல். அதே கூலி, இரண்டு மடங்கு பெட்ரோல். அன்று முதல் இரண்டு சுற்று: முதல் சுற்றில் கையெழுத்தும் சுருக்கொப்பமும் மட்டும், இரண்டாவது சுற்றில் தேதியும் முத்திரையும் மட்டும். ஒரே சுற்றில் எல்லாவற்றையும் பார்க்கிற கண் எதையாவது விட்டுவிடும்.

சில நிறுவனங்கள் கூரியருக்கு முன் முழுக் கட்டையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லும், ஸ்கேன்பேக் என்பார்கள். அது முக்கால் மணி நேரத்தைத் தின்னும் வேலை என்பதால் கூலி பேசும்போதே அதைக் கணக்கில் சேருங்கள்.

வேலை எங்கிருந்து வரும், பணம் எப்போது வரும்

தொடக்கத்தில் வேலை சைனிங் சர்வீஸ் எனப்படும் இடைத்தரகு நிறுவனங்கள் வழியாகவே வரும். ஸ்னாப்டாக்ஸ் போன்ற தளங்களில் பதிவுசெய்து, சான்றுகளையெல்லாம் ஏற்றி வைத்தால் தொலைபேசியில் அழைப்புக் குறுஞ்செய்தி விழும். பெரும்பாலும் 75 முதல் 125 டாலர் வரை தருவார்கள். அதற்குள்ளேதான் தாள், மை, பெட்ரோல் எல்லாம். டைட்டில் கம்பெனியோ எஸ்க்ரோ அலுவலகமோ நேரடியாக அழைத்தால் கூலி கூடும். ஆகவே ஐம்பது வேலையாவது தவறின்றி முடித்தபின், உங்கள் வட்டாரத்து எஸ்க்ரோ அலுவலகங்களுக்கு நேரில் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். தென் கலிபோர்னியாவில் தனி எஸ்க்ரோ நிறுவனங்கள் நிறைய. வடக்கே டைட்டில் கம்பெனிகளே எஸ்க்ரோவையும் பார்க்கும். அந்த வேறுபாடு தெரிந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரியும்.

பணம் கைக்கு வர முப்பது, நாற்பத்தைந்து நாள் ஆகலாம். மூன்று வேலைக்கான 285 டாலரைத் தராமலே பதில் சொல்வதை நிறுத்திவிட்ட ஒரு தரகு நிறுவனத்தை நானும் பார்த்திருக்கிறேன். புதிய நிறுவனம் என்றால் முதல் வேலையின் பணம் வந்த பிறகே மூன்றாவது வேலையை ஏற்பது என்று வைத்துக்கொண்டபின் அந்தத் தொல்லை குறைந்தது.

இந்த வருமானம் வட்டி வீதத்தோடு கட்டிப்போட்ட கன்றுக்குட்டி. வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபிரெடி மேக் நிறுவனம் வெளியிடும் வாரக் கணக்கின்படி, முப்பது ஆண்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதத்துக்கு இறங்கியபோது, ஊரே கடனை மாற்றிக்கொண்டிருந்தது; ஒரே நாளில் மூன்று, நான்கு வேலை பார்த்தவர்கள் உண்டு. 2023 அக்டோபரில் அது 7.79 சதவீதத்துக்கு ஏறியபோது ரீஃபைனான்ஸ் அநேகமாக நின்றுபோனது, புதிதாக வந்தவர்களில் பலர் அச்சு எந்திரத்தை விற்றுவிட்டுப் போனார்கள். வாடகையையோ கார்த் தவணையையோ இதை நம்பி ஏற்பது சரியாகாது.

வரியைப் பொறுத்தவரை, வருமானம் சுயதொழில் கணக்கைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தில் வரும். உங்களுக்குக் கொடுத்த தொகையைக் காட்டி நிறுவனம் தரும் 1099 படிவத்துக்கான வரம்பு 2025 வரை 600 டாலர், 2026 முதல் கொடுக்கப்படும் தொகைக்கு 2,000 டாலர். ஆனால் படிவம் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்ட வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு. நோட்டரிச் செயலுக்கான கட்டணத்துக்கு வருமான வரி உண்டே தவிர, 15.3 சதவீதச் சுயதொழில் வரி கிடையாது. 100 டாலர் வேலையில் நான்கு கையெழுத்துக்கு முத்திரை குத்தியிருந்தால், நான்கு பதினைந்து அறுபது டாலர் நோட்டரிக் கட்டணம், மீதி நாற்பது சைனிங் ஏஜென்ட் கூலி என்று பிரிக்கலாம். ஒவ்வொரு செயலுக்கும் கட்டணத்தை ஜர்னலில் எழுதுவது இங்கேதான் கைகொடுக்கும். கார் ஓட்டிய மைல்களையும் அன்றன்றே குறியுங்கள். 2025-க்கு ஒரு மைலுக்கு 70 சென்ட் கழித்துக்கொள்ளலாம்.

தமிழர்களிடமிருந்து வரும் பிற வேலை

கடன் வேலை குறையும் மாதங்களில் பொது நோட்டரி வேலை கைகொடுக்கும். ஊரில் உள்ள நிலத்தையோ வீட்டையோ விற்க அண்ணனுக்கோ தங்கைக்கோ பவர் எழுதித் தருவது நம்மவர்களிடம் அடிக்கடி வரும் தேவை. நீங்கள் கையெழுத்துக்குச் சான்றளித்தபின், அவர்கள் அதை மாநிலச் செயலாளர் அலுவலகத்தில் கொடுத்து, வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அப்போஸ்டில் சான்று பெற வேண்டும். கலிபோர்னியாவில் ஒன்றுக்கு 20 டாலர். இந்தியா 2005-இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்ததால் அது அங்கே ஏற்கப்படும். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்ற விதியை அவர்களுடைய வழக்கறிஞர் சொல்லியிருப்பார். பவர் பத்திரத்தை எழுதித் தருவது, இன்ன வாசகம் போடுங்கள் என்பது உங்கள் வேலை அன்று.

தமிழில் விளம்பரம் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. வக்கீல் அல்லாத நோட்டரி ஒருவர் கலிபோர்னியாவில் ஆங்கிலம் தவிர்த்த மொழியில் எழுத்து வடிவில் விளம்பரம் செய்தால், தாம் வக்கீல் அல்லர், குடியேற்றம் உட்பட எந்தச் சட்ட விஷயத்திலும் ஆலோசனை தர முடியாது என்ற வாசகத்தையும், சட்டம் வகுத்த கட்டணங்களையும் ஆங்கிலத்திலும் அந்த மொழியிலும் சேர்த்துப் போட வேண்டும். தவறினால் குறைந்தது ஓராண்டுக்கு நியமனம் நிறுத்தப்படலாம் அல்லது ரத்தாகலாம். இரண்டாவது முறை நிரந்தர ரத்து. தமிழ்ச் சங்க மலரில் கால் பக்க விளம்பரமாக இருந்தாலும் விதி அதேதான்.

நான்கு ஆண்டு முடிவில் தொடர விரும்பினால், நியமனம் காலாவதியாவதற்கு முன்பே மூன்று மணி நேரப் புதுப்பிப்புப் பாடம் படித்து மறுபடி தேர்வெழுத வேண்டும். விட்டுவிடுவதென்றால், எழுதிய ஜர்னல்கள் எல்லாவற்றையும் பதவிப் பிரமாணத்தைத் தாக்கல் செய்த கவுண்டி கிளார்க்கிடம் 30 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். முத்திரையை யாரும் மறுபடி பயன்படுத்த முடியாதபடி வெட்டியோ உடைத்தோ போடுங்கள்.